கனத்த வெள்ளி வளையத்தில் கல் பதித்தல்

பட்டை தீட்டாமல், மேற்புறம் குவிந்தும் அடிப்புறம் தட்டையாகவும் தேய்த்த கல் கபோஷான் எனப்படும். நாகர்கோவில் வடசேரிக் கோயில் நகைகளில் சிவப்புக் கெம்புக் கற்களை வெள்ளி அடித்தளத்தில் வைத்து, சுற்றிலும் பொன் இதழால் இறுக்குவர். மோதிரத்தில் வெள்ளித் தகட்டு வளையமே கல்லைப் பிடிக்கிறது.

இங்கே பலர் தவறுவது நீளக் கணக்கில்தான். 10 மி.மீ. விட்டமுள்ள கல்லுக்கு 3.14 × 10 = 31.4 மி.மீ. என்று வெட்டினால், 0.7 மி.மீ. கனத் தகட்டு வளையத்துக்குள் கல் இறங்காது. விட்டத்தோடு கனத்தையும் கூட்டவேண்டும்: 3.14 × 10.7 = 33.6 மி.மீ.

வளையத்தை அடித்தகட்டோடு பற்றவைத்து முடித்த பிறகே கல்லை வைக்கவேண்டும். சூடு பட்டால் கல் வெடிக்கலாம். கனத்த விளிம்பு எளிதில் சாயாது. அதனால் மேல் ஓரத்தை முன்பே அரத்தால் மெலிதாக்கி, எதிரெதிர்ப் பக்கங்களில் மாறி மாறி அழுத்துவர். வரிசையாகச் சுற்றி அழுத்தினால் மிஞ்சும் தகடு கடைசியில் மடிந்து நிற்கும்.