எஞ்சாமிப் பாடலும் ஒப்பாரி மரபும்

ஒரு பாடல் பரவிய வேகம் வேறு. அது மொழியிலும் மக்கள் நினைவிலும் பதிக்கும் சுவடு வேறு. முன்னது விரைவில் மறக்கப்படும். பின்னதை ஆராய்தல் தமிழாய்வாளர் கடன். 2021 மார்ச்சு 7-ஆம் நாள் இணைய வழி வெளிவந்து, பல கோடி முறை கேட்கப்பெற்ற ‘எஞ்சாய் எஞ்சாமி’ என்னும் பாடலை இந்நோக்கில் ஈண்டுக் காண்போம். திரைப்படத்தைச் சாராமல் தனித்தெழுந்த புதிய இசையலையின் பெருவெற்றி இது. தீ, அறிவு ஆகிய இருவரும் பாடிய இதற்குச் சொல் வடிவம் தந்தவர் அறிவு. இசைத் தயாரிப்பு சந்தோஷ் நாராயணனுடையது.

முதற்கண் தலைப்பை நோக்குவோம். ‘என் சாமி’ என்பது எழுத்து வழக்கில் இயல்பாய் நிற்கும். பேச்சு வழக்கிலோ னகர மெய், வருமொழிச் சகரத்திற்கு இனமாகிய ஞகர மெய்யாகத் திரிந்து ‘எஞ்சாமி’ ஆகின்றது. ‘எஞ்சாய்’ மகிழ்ந்திரு எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல். இவ்விரு சொற்களும் முதலெழுத்தால் மோனையும் இரண்டாம் எழுத்தால் எதுகையும் பெற்று இணைகின்றன. ‘சாமி’ என்பதோ கடவுளையும் தலைவனையும் குறிப்பதோடு, பாட்டி பேரனைக் கொஞ்சி அழைக்கும் சொல்லுமாகும். ஆகவே, களிப்பைக் கூறும் அயற்சொல்லும் பரிவைக் கூறும் வீட்டுச்சொல்லும் ஒரே தொடரில் அமைந்தன.

பாடலின் உயிர்நிலை ஒப்பாரியில் உள்ளது. கையறுநிலை தொல்காப்பியம் கூறும் புறத்துறைகளுள் ஒன்று. புலவர் பாடிய கையறுநிலை ஏட்டில் நிலைத்தது. பெண்டிர் பாடிய ஒப்பாரி வாய்மொழியாகவே வழங்கிவந்தது. இறந்தாரை எண்ணித் தொடங்கும் பெண், தன் வாழ்நாள் துயர் முழுவதையும் அதனுள் சொல்லி அழுவாள். தோட்டத்தை வளர்த்தவளுக்கு அதன் பயன் கிட்டாத ஏக்கம் இப்பாடலில் ஒலிப்பது இம்மரபின்பாற் பட்டதே.

அவ்வேக்கத்திற்கு வரலாற்றுப் பின்புலம் உண்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் பல தலைமுறையாக உழைத்த தமிழருட் பெரும்பாலோர் 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராயினர். 1964-இல் சாத்திரியும் சிறிமாவோவும் செய்த உடன்படிக்கையின்படி 5,25,000 பேரை ஏற்க இந்தியா இசைந்தது. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் அத்தகைய தோட்டங்களில் உழைத்தவர். அவர் வாய்மொழியும் வாழ்வுமே பாடலுக்கு ஊற்றாயின.

அறிவின் ஊர் அரக்கோணம். சென்னையிலிருந்து அவ்வூருக்குச் செல்லும் இருப்புப் பாதை அம்பத்தூர், ஆவடி வழியே செல்கின்றது. ஏரிப் பாசனமும் நெல்வயலும் கொண்டிருந்த இப்பகுதியில், 1960-களில் ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் எழுந்தன. வயல் மறைந்தவிடத்து நடவுப் பாட்டு தன் களத்தை இழக்கும். ஒப்பாரியோ இறப்பு உள்ளவரை களம் இழவாது; ஆயினும் பாடுவோர் அருகினால் அதுவும் அழியும். நிலத்தில் உழைத்தும் நிலம் பெறாதார் குரல் இப்பாடலால் உலகெங்கும் கேட்டது என்பது உண்மை. ஆயின், ஆவடியிலும் பூவிருந்தவல்லியிலும் வாழும் மூதாட்டியர் குரலைக் கேட்டுப் பதிவு செய்யும் கடமை அதனால் நீங்கிவிடவில்லை.

மற்றொரு சிக்கலும் உண்டு. 2022 சூலை 28-ஆம் நாள் சென்னையில் நிகழ்ந்த சதுரங்க ஒலிம்பியாடு தொடக்க விழாவில், அறிவு இல்லாமலே இப்பாடல் அரங்கேறியது. அதன்பின் பாடலில் தம் பங்கு யாது என்பதை அவர் பொதுவில் எடுத்துரைத்தார். ஏனைய கலைஞர் அது கூட்டுழைப்பின் விளைவு என விளக்கினர். இவ்வழக்கிற்குத் தீர்ப்புக் கூறுதல் நம் பணியன்று. ஆனால், அது எழுப்பும் வினா நமக்கும் உரியது. பெயருடைய கலைஞரிடையேயே உரிமை ஐயத்திற்கு இடமாகுமாயின், பெயரறியாப் பாட்டியர்தம் பாடல்களுக்கு உரியவர் யார்?

நாட்டார் பாடல் தொகுப்புகள் பலவற்றில் பாட்டு உண்டு. பாடியவர் பெயர் இல்லை. ‘ஆசிரியர் பெயர் அறியப்படவில்லை’ என எழுதுமுன், பாடியவரிடம் பெயர் கேட்டோமா என எண்ணுதல் வேண்டும். பாடியவர் பெயர், ஊர், நாள், பாடிய சூழல் ஆகிய நான்கும் இன்றி ஓர் ஒப்பாரியையும் இனிப் பதிப்பித்தல் கூடாது. இப்பாடல் வள்ளியம்மாளை நாடறியச் செய்தது. அவரையொத்த பிறரையும் பெயரோடு நிலைபெறச் செய்வதே இதன் நீடித்த பயனாகும்.