குழல் குட்டையானால் குறி தப்புமா?

பப்பாளி இலைக் காம்பில் பச்சைப் பயற்றை வைத்து ஊதி விளையாடியிருப்பீர்கள். காம்பு சற்று நீளமாக இருந்தால் பயறு தொலைவில் போய் விழும். ஆனால் மூச்சின் வேகம் தளர்ந்த பிறகு காம்பு எவ்வளவு நீண்டிருந்தும் பயனில்லை. வேட்டைத் துப்பாக்கியின் குழலுக்கும் ஏறக்குறைய இதே விதிதான்.

அமெரிக்காவின் ராக்கி மலைகளில் உரிமம் பெற்று எல்க் மான் வேட்டைக்குச் செல்வோர், செங்குத்தான சரிவுகளில் துப்பாக்கியைச் சுமந்து ஏறுகின்றனர். எனவே குட்டையான துப்பாக்கியை விரும்புகின்றனர். மானோ பள்ளத்தாக்கின் எதிர்ச் சரிவில் 500 மீட்டர் தொலைவில் நிற்கலாம். குழலைக் குறைத்தால் என்ன இழப்பு? கணக்கிட்டுப் பார்ப்போம்.

தோட்டா என்பது பித்தளைக் கூடு, அதனுள் வெடிமருந்து, நுனியில் குண்டு. மருந்து எரிந்து உண்டாகும் வாயுவின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் சுமார் 4,000 மடங்கு. குண்டு சில சென்டிமீட்டர் நகர்வதற்குள் இந்த உச்சநிலை வந்துவிடுகிறது. பிறகு வாயு விரிய விரிய அழுத்தம் விரைந்து குறைகிறது. விசையும் நகர்ந்த தூரமும் சேர்ந்ததே வேலை என்று படித்திருக்கிறீர்கள் அல்லவா? ஆகவே குழலின் கடைசிப் பகுதி செய்யும் வேலை சிறிதே. 60 செ.மீ. குழலில் விநாடிக்கு 820 மீட்டர் வேகம் பெறும் குண்டு, 50 செ.மீ. குழலில் சுமார் 790 மீட்டர் பெறும். இழப்பு 4 விழுக்காட்டுக்கும் குறைவு.

இனி தோட்டாவைத் தேர்ந்தெடுப்போம். 1952-இல் வந்த 0.308 வின்செஸ்டர், 2007-இல் வந்த 6.5 கிரீட்மூர் இரண்டும் குண்டை ஏறக்குறைய ஒரே வேகத்தில் செலுத்துபவை. ஆனால் கிரீட்மூரின் குண்டு மெலிந்து நீண்டது. காற்றுத்தடை அதற்குக் குறைவு. காற்றில்லா வெளியில் 500 மீட்டரைக் கடக்க 0.61 விநாடி போதும். காற்றில் கிரீட்மூருக்குச் சுமார் 0.72 விநாடியும், வின்செஸ்டருக்கு 0.76 விநாடியும் ஆகின்றன. இந்தத் தாமதத்தைப் பக்கக் காற்றின் வேகத்தால் பெருக்கினால் குண்டு விலகும் தூரம் கிடைக்கும். விநாடிக்கு 4 மீட்டர் காற்றில் முன்னது 44 செ.மீ. விலகும், பின்னது 60 செ.மீ. விலகும். குழலைக் குறைப்பதாலோ விலகல் இரண்டு மூன்று செ.மீ. மட்டுமே கூடும். குண்டின் வடிவம் குழலின் நீளத்தை விட முக்கியம் என்பது தெளிவு.

மருந்தைக் கூட்டினால் என்ன? 1962-இல் வந்த 7 மி.மீ. ரெமிங்டன் மேக்னம் தோட்டாவில் சுமார் 4 கிராம் மருந்து. கிரீட்மூரில் 3 கிராமுக்கும் குறைவு. குட்டைக் குழலில் இந்த மிகுதி முழுதும் வேகமாக மாறாமல், காதைப் பிளக்கும் ஓசையாக வெளியேறும். பின்னுதைப்பும் கூடும், அதற்கு அஞ்சும் கை நடுங்கும்.

ஆனால் 4 விழுக்காட்டை அடியோடு மறந்துவிடவும் கூடாது. வேட்டைக் குண்டு உடலுள் விரிந்தால்தான் விலங்கு உடனே இறக்கும். பல குண்டுகள் அதற்கு விநாடிக்கு 550 மீட்டர் வேகமாவது வேண்டுபவை. வேகம் போதாவிட்டால் மான் காயத்தோடு ஓடி, நெடுநேரம் துடித்து மாளும். குண்டு 100 மீட்டருக்குச் சுமார் 45 மீட்டர் வேகத்தை இழக்கிறது. எனவே, குழலில் இழந்த 30 மீட்டர் வேகத்தை ஈடுசெய்ய வேட்டைக்காரர் அறுபது எழுபது மீட்டர் அருகே செல்ல வேண்டும்.

குழலில் குறைத்த பத்து சென்டிமீட்டரைக் காலால் நடந்துதான் தீர்க்க வேண்டும். நடக்க வழியில்லையெனில், விசையை அழுத்தாமல் திரும்புவதே முறை.