கம்பிவழி இணையமும் கம்பியில்லாக் கருவிகளும்

விக்டோரியா நீர்த்தேக்கத்தின் பொருட்டு 1980களில் பழைய தெல்தெனிய நகர் நீருள் மறைந்தது. மேட்டு நிலத்திலே புதிய தெல்தெனிய எழுந்தது. மலை மடிப்புகளுக்கு இடையே அமைந்த இத்தகைய ஊர்களிலே, கைத்தொலைபேசியின் அலை ஒரு வீட்டிற்கு எட்டும். குன்றின் மறுபுறத்து வீட்டிற்கு எட்டாது. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் பெருந்தொற்றின் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபொழுது, இலங்கையின் மலைப்புறங்களில் மாணவர் அலை தேடிக் குன்றேறிய செய்திகள் வெளிவந்தன. வீட்டிலே தொலைபேசிக் கம்பிவழி இணையம் இருந்தும், அதன் பழைய ரௌட்டர் கம்பியை மட்டுமே அறியுமாயின், பிள்ளையின் கைத்தொலைபேசிக்கு அதனால் யாது பயன்?

அதற்காகப் பழைய பெட்டியை எறிந்துவிட வேண்டியதில்லை. 2022ஆம் ஆண்டு ரூபாயின் மதிப்பு வீழ்ந்த பின்னர், இறக்குமதிக் கருவி வாங்குவோர் இருமுறை சிந்திக்கவேண்டியவராயினர். பழைய பெட்டி செய்யும் பணி இரண்டு. செப்புக் கம்பியில் வரும் ஏ.டி.எஸ்.எல். குறிகளைக் கணினிக்கு ஏற்ற வடிவாக்குவது ஒன்று. வீட்டுக் கருவி ஒவ்வொன்றிற்கும் எண்ணாலான முகவரி வழங்குவது மற்றொன்று. இவற்றை அது செவ்வனே செய்யுமாயின், குறைவது வானலை மட்டுமே. அதனை அளிப்பதற்கு 'அக்சஸ் பொயின்ட்' என்னும் சிறு கருவி போதும். உறவினர் வீட்டில் சும்மா கிடக்கும் வைஃபை ரௌட்டரும் அவ்வேலையைச் செய்யும்.

ஆனால் இரண்டு ரௌட்டர்களை அப்படியே இணைத்தால் குழப்பம் நேரும். ஒரு தெருவில் இரு தபாற்காரர் தத்தம் மனம்போல் வீட்டிலக்கம் இடுவதைப் போன்றது அது. ஆகவே இரண்டாவது கருவியை முதலில் கணினியுடன் தனியே இணைத்து, முகவரி வழங்கும் டி.எச்.சி.பி. என்ற வசதியை நிறுத்திவிடல் வேண்டும். பழைய பெட்டியின் முகவரி 192.168.1.1 எனின், புதியதற்கு 192.168.1.254 போன்றதோர் எண்ணைத் தரலாம். அவ்வெண், பழைய பெட்டி பகிர்ந்தளிக்கும் எண்களுள் அடங்காததாக இருத்தல் அவசியம். பின்னர் இரண்டின் 'லான்' துளைகளையும் ஒரு கம்பியால் இணைக்கவேண்டும். 'வான்' என்று குறிக்கப்பட்ட துளை வெறுமையாகவே இருக்கட்டும். பலர் தவறுவது இவ்விடத்திலேதான். கருவியிலேயே அக்சஸ் பொயின்ட் முறை இருப்பின், அதனைத் தெரிவு செய்து, கருவியோடு வந்த குறிப்பின்படி இணைத்தாற் போதும். மேற்கண்ட தொல்லை இல்லை.

கடவுச்சொல்லை டபிள்யூ.பி.ஏ.2 முறையில் அமைத்தல் நன்று, பழைய டபிள்யூ.ஈ.பி. பூட்டு எளிதில் உடையும். இந்த அலையும் வானொலி அலையின் இனமே. கருங்கற் சுவர் அதன் வலிமையைக் குறைக்கும். தகரம் அதனைத் திருப்பிவிடும். எனவே நீண்ட கம்பி கொண்டு, புதிய கருவியை வீட்டின் நடுவே உயரத்தில் வைப்பது சிறந்தது. அயல்வீட்டு அலை இடையூறு செய்தால், 2.4 கிகாஹேட்ஸ் வரிசையில் 1, 6, 11 ஆகிய தடங்களுள் ஒன்றை மாற்றிப் பார்க்கலாம்.

இவற்றால் இணையத்தின் வேகம் ஒரு சிறிதும் கூடாது. தொலைபேசி நிலையத்திலிருந்து வீடு தொலைவில் இருக்க இருக்கச் செப்புக் கம்பியின் குறி தளரும். அதற்குக் கண்ணாடி இழை இணைப்பே மாற்று.

சித்திரையிலும் ஐப்பசியிலும் மலைநாட்டில் இடிமழை மிகுதி. அப்பொழுது மின்செருகியை மட்டும் கழற்றிவிட்டுத் தொலைபேசிக் கம்பியை மறந்துவிடுவதுண்டு. மின்னலின் பாய்ச்சல் அக்கம்பி வழியாகவும் வந்து, பழைய பெட்டியோடு புதியதையும் சேர்த்தே கெடுத்துவிடும்.