ஆழாக்குக்குள் மரக்கால் அரிசி

கம்ப்யூட்டர் கணக்கில் தவறாது என்பது நம்மில் பலருடைய நம்பிக்கை. பள்ளிக்கூடக் கணக்கு ஒன்றைப் பார்ப்போம். செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்கள் 3, 4 என்றால் கர்ணம் 5. கலப்பெண்ணின் மட்டு மதிப்பைக் காண்பதும் இதே கணக்குதான்: மெய்ப்பகுதியையும் கற்பனைப் பகுதியையும் வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும்.

அந்த 3-க்கும் 4-க்கும் பின்னால் இருநூறு பூஜ்யங்களைச் சேர்ப்போம். விடை, 5-க்குப் பின் இருநூறு பூஜ்யங்கள். நமக்கு ஒரு நொடி வேலை. கம்ப்யூட்டரோ சூத்திரத்தை அப்படியே பின்பற்றினால் 'முடிவிலி' என்று கைவிரித்துவிடும்! 64 பிட்டுகளில் அடங்கும் எண்ணுக்கு உச்சவரம்பு உண்டு. அது ஏறத்தாழ 309 இலக்கம். வர்க்கப்படுத்தியதுமே பூஜ்யங்கள் நானூறாகிவிடுகின்றன. விடை கொள்ளும், இடையில் வரும் எண்தான் கொள்ளாமல் வழிந்துவிடுகிறது.

மருந்து எளியது. இரண்டையும் முதலில் பெரிய பக்கத்தால் வகுத்துவிட வேண்டும். 3-ஐ 4-ஆல் வகுக்க 0.75, அதன் வர்க்கம் 0.5625, 1-ஐக் கூட்டி மூலம் கண்டால் 1.25. அதைப் பெரிய பக்கத்தால் பெருக்கினால் சரியான விடை. கலப்பெண் வகுத்தலுக்கு இதைப் போன்ற உத்தியை ராபர்ட் ஸ்மித் 1962-லேயே வெளியிட்டார். அதிலும் ஓட்டை உண்டென்று ஸ்டூவர்ட் என்பவர் 1985-ல் திருத்தம் எழுதினார். ஒரு வகுத்தலுக்கே இத்தனை பாடு!

எதிர்த்திசையில்தான் ஆபத்து அதிகம் என்பேன். தசமப் புள்ளிக்குப் பின் இருநூறு இடம் தள்ளி நிற்கும் 3-ஐயும் 4-ஐயும் கொடுத்தால், வர்க்கங்கள் கரைந்து விடை பூஜ்யமாகிவிடும். முடிவிலி வந்தால் யாராவது திரும்பிப் பார்ப்பார்கள். பூஜ்யத்தை யார் சந்தேகிப்பார்கள்?

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவிலிருந்து முதன்முறையாகக் கிளம்பிய ஏரியான் 5 ராக்கெட், சுமார் 40 நொடிகளில் வெடித்துச் சிதறியது. அங்கே பழுதானது கலப்பெண் சார்பு அல்ல. ஆனால் நோய் அதே நோய். 64 பிட் எண் ஒன்றை 32,767-க்கு மேல் கொள்ளாத 16 பிட் இடத்தில் திணித்திருந்தார்கள். அந்த நிரல் ஏரியான் 4-லிருந்து அப்படியே எடுக்கப்பட்டது; பழைய ராக்கெட்டின் பாதையில் அந்த எண் அவ்வளவு உயர்ந்ததில்லை. இதில் வேடிக்கை, ஏரியான் 5 தரையை விட்டுக் கிளம்பிய பிறகு அந்தக் கணக்கே அதற்குத் தேவைப்படவில்லை.