அர்க்காவதியின் இரண்டு கோட்டைகள்

மாகடிச் சாலையில் பெங்களூரின் நெரிசல் ஓய்ந்து ராகிக் கொல்லைகள் தொடங்கிச் சற்று தூரம் போனதும், மரங்களுக்கு மேலே அந்தப் பாறை எழுந்து நிற்கும். கடல் மட்டத்திலிருந்து 1226 மீட்டர் உயரம். சாவனதுர்கா.

கன்னடத்திலும் சாவு சாவுதான். வெள்ளைக்காரப் படை இதைச் ‘சாவுப் பாறை’ என்றே அழைத்தது. சுற்றியிருந்த அடர்காடும் அதன் காய்ச்சலும் பெயருக்கு வலுச் சேர்த்தன. வருகிற படையில் பாதியைக் காய்ச்சலும் மீதியைக் கோட்டையும் விழுங்கிவிடும் என்று மைசூரை ஆண்ட திப்பு சுல்தான் நம்பினாராம். அக்கால ஆங்கிலேயர் எழுதிவைத்த செய்தி இது.

ஆனால் 1791 அக்டோபரில் ஆங்கிலேயரிடம் நந்தி மலைக் கோட்டையான நந்திதுர்கா விழுந்தது. டிசம்பரில் ஆங்கிலேயத் தளபதி காரன்வாலிஸின் ஆட்கள் காட்டை வெட்டி வழிசெய்து, பீரங்கிகளை இங்கே இழுத்து வந்தார்கள். சில நாள் குண்டுவீச்சில் மதில் உடைந்தது. 21ஆம் தேதி ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மலைக்கு இரண்டு சிகரங்கள்: கரி குட்டா, பிளி குட்டா. கருங்குன்று, வெண்குன்று என்று நாம் சொல்லலாம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஓடிய காவலர்கள் கதவை அடைக்கும் முன்பே, துரத்தியவர்களும் உள்ளே புகுந்துவிட்டார்கள். அண்ணாந்து பார்க்கும்போது இன்றும் மனம் இதை ஏற்க மறுக்கிறது.

1537இல் பெங்களூரை அமைத்த கெம்பே கவுடரின் வம்சம் பின்னர் மாகடிக்கு வந்து, 1728இல் மைசூர்ப் படையிடம் தோற்கும்வரை ஆண்ட கோட்டை இது. வீரபத்திரர் கோயிலைக் கடந்து ஏறினால் வெறும் பாறைச் சரிவுதான், படிக்கட்டு கிடையாது. விடியலில் ஏறுங்கள், மழைநாளில் வேண்டவே வேண்டாம். இடிந்த மதில்களில் கைவைத்து மூச்சு வாங்கி, உச்சியின் நந்தி மண்டபத்தை அடைந்தால் கீழே மஞ்சனபெலே அணை மின்னுகிறது.

அது அர்க்காவதியின் தண்ணீர். இந்த ஆறு பிறப்பது நந்தி மலையில். அந்த ஆண்டு விழுந்த இரு கோட்டைகளும் ஒரே ஆற்றின் பிள்ளைகள்! மஞ்சனபெலேக்கு மேலே, 1933இல் கட்டிய திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கம் பல தலைமுறைக்குப் பெங்களூரின் தாகம் தீர்த்தது. நகரம் திருப்பித் தந்தது என்ன? அதன் கழிவைச் சுமந்து வரும் விருஷபாவதி, கீழே கனகபுரா பக்கம் இதே ஆற்றில் விழுகிறது. எனக்கு இது பொறுக்கவில்லை. மதில் இடிந்ததற்குப் போரைக் காரணம் சொல்லலாம், ஆறு கெட்டதற்கு?

அங்கிருந்து சங்கமத்தில் காவிரியோடு கலந்து, மேகதாட்டுவின் இடுக்கில் நுழைந்து, ஒகேனக்கல்லில் நம் பக்கம் விழுகிறது அந்தத் தண்ணீர்.