வசனம் யாருக்குச் சொன்னது?

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, பல தேவாலயங்களில் வாசலில் ஒரு தட்டு இருக்கும். தட்டு நிறைய கவிழ்த்து வைத்த சின்னச் சின்ன அட்டைகள். ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். அதில் இருக்கும் வசனம்தான் அந்த வருடத்துக்கான வாக்குத்தத்தம். தாத்தா கண்ணாடியைத் தேடுவார். பிள்ளைகள், "உனக்கு என்ன வந்துச்சு?" என்று எட்டிப் பார்ப்பார்கள். வீடு போய்ச் சேர்வதற்குள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் மாறிவிடும். அட்டை பர்ஸுக்குள்ளோ ஃபிரிட்ஜ் கதவிலோ டிசம்பர் வரை இருக்கும்.

அழகான பழக்கம்தான். பரீட்சைக்குப் போகிற பிள்ளையும், ஆஸ்பத்திரி வராண்டாவில் காத்திருக்கிற அம்மாவும் அந்த ஒற்றை வரியைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தவர்கள் அதைக் கேலி செய்ய மாட்டார்கள். ஆனால், ஒரு கேள்வி கேட்கலாம். அந்த வசனம் முதன்முதலில் யாரிடம், எந்த நிலைமையில் சொல்லப்பட்டது?

அட்டைகளில் அதிகம் அச்சாகிற வசனங்களில் ஒன்று எரேமியா 29:11. உங்களுக்காக நான் வைத்திருப்பது தீமைக்கான திட்டமல்ல, நல்ல எதிர்காலம் என்று கடவுள் சொல்லும் இடம். வேலைக்கான இன்டர்வியூ, விசா, கல்யாணம் எல்லாவற்றுக்கும் பொருத்தமாகத் தெரியும். ஆனால், அது ஒரு கடிதத்தின் நடுவில் வரும் வரி. எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறை பிடித்துக்கொண்டு போகப்பட்ட மக்களுக்கு எரேமியா எழுதிய கடிதம். அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி, 'இரண்டே வருடம், எல்லோரும் திரும்பிவிடுவீர்கள்' என்று அறிவிக்கிறார். கேட்கக் கேட்க இனிக்கிற செய்தி. எரேமியா சொன்னதோ 70 வருடம். அதுவரை வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், உங்களைப் பிடித்துக்கொண்டு போன அந்த ஊரின் நன்மைக்காகவே ஜெபம் பண்ணுங்கள் என்கிறார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தக் கடிதத்தை வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் அநேகர் ஊர் திரும்பியிருக்க முடியாது. அட்டையில் 'சீக்கிரம் நடக்கும்' என்று தொனிக்கிற அதே வரி, கடிதத்துக்குள் 'சீக்கிரம் நடக்காது, ஆனாலும் கைவிடப்படவில்லை' என்கிறது. எனக்கென்னவோ இரண்டாவதுதான் பெரிய ஆறுதலாகத் தெரிகிறது. ஆஸ்பத்திரி வராண்டாவில் அதுதான் தாங்கும்.

வசனங்களைத் தனித்தனியாகப் பிய்த்து எடுப்பது நமக்குச் சுலபமாக இருப்பதற்கு ஒரு காரணம், அந்த எண்கள். பவுல் கடிதம் எழுதியபோது அதிகாரமும் கிடையாது, வசன எண்ணும் கிடையாது. அதிகாரப் பிரிப்பு 13-ஆம் நூற்றாண்டில் வந்தது. இன்று நாம் பார்க்கும் வசன எண்கள் புதிய ஏற்பாட்டில் 1551-ல், ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சகக்காரர் போட்டவை. தேடி எடுக்க வசதி. ஆனால், ஒரு கடிதத்தை எண் போட்ட துண்டுகளாகப் பார்த்துப் பழகிவிட்டால், வேண்டிய துண்டை மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றிவிடும்.

அட்டையில் எடுத்தால் பெரிய சேதம் இல்லை. குடும்பத்துக்குள் எடுக்கும்போதுதான் வலிக்கும். எபேசியர் 5:22 தெரியாத கிறிஸ்தவப் பெண் இருக்க மாட்டாள். மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்ற வசனம். அடி வாங்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்த பெண்ணை, இந்த ஒரு வரியைச் சொல்லியே திருப்பி அனுப்பிய குடும்பங்கள் உண்டு. அதே பக்கத்தை முழுசாக வாசியுங்கள். முந்தின வசனமே ஒருவருக்கொருவர் கீழ்ப்படியச் சொல்கிறது. மனைவிக்கான அறிவுரை 22 முதல் 24 வரை, மூன்றே வசனம். 25-ல் கணவன் பக்கம் திரும்பும் பவுல், அதிகாரம் முடியும்வரை பெரும்பாலும் அவனிடம்தான் பேசுகிறார். கிறிஸ்து சபைக்காக உயிரைக் கொடுத்ததுபோல நேசி, உன் சொந்த உடம்பைப் போலப் பேணு என்கிறார். தன் உடம்பைத் தானே அடித்துக்கொள்கிறவன் யார்? 22-ஐ மனப்பாடமாகச் சொல்லும் மாமனாரிடம் 28-ஐக் கேட்டுப் பாருங்கள். தடுமாறினால் ஆச்சரியப்பட வேண்டாம்.

வசனம் சொல்கிறவர் எல்லாம் வேதத்தின் பக்கம் நிற்பவர் அல்ல என்று வேதமே சொல்கிறது. மத்தேயு 4-ஆம் அதிகாரத்தில், ஆலயத்தின் உச்சியிலிருந்து குதிக்கச் சொல்லி இயேசுவைச் சோதிக்கும் பிசாசு மேற்கோள் காட்டுவது 91-ஆம் சங்கீதத்தை. அதுவும் நம் அட்டைகளில் அடிக்கடி வரும் சங்கீதம்தான். இயேசு மூன்று முறையும் உபாகமத்திலிருந்து பதில் சொல்கிறார். இரண்டு பேர் கையிலும் வேதம் இருந்தது; ஒருவர் அதை மடக்குவதற்கு எடுத்தார், மற்றவர் அதன்படி நடப்பதற்கு எடுத்தார்.

திருநெல்வேலி மாவட்டம் வடக்கன்குளத்தில் இதற்கு ஒரு கட்டடமே சாட்சி. 1872-ல் அங்கே எழுப்பிய தேவாலயம் இரண்டு கைகளாகப் பிரிந்து, பலிபீடத்தில் மட்டும் சேரும். ஒரு கை ஒரு சாதிப் பிரிவுக்கு, மறு கை மற்றவர்களுக்கு. நடுவில் சுவர். கிறிஸ்துவுக்குள் யூதன், கிரேக்கன், அடிமை, சுதந்திரன் என்ற பேதமில்லை என்ற கலாத்தியர் நிருபத்தை இரண்டு பக்கமும் கேட்டிருப்பார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவர் இடிக்கப்பட்டபோது, அது தங்கள் உரிமை என்று வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் இன்னும் சில ஊர்களில் இருக்கிறதென்றால், அது வசனம் தெரியாததால் அல்ல.

அப்படியென்றால் வேதம் எப்படி வழிகாட்டும்? 119-ஆம் சங்கீதம் அதைக் காலுக்கு வெளிச்சம் காட்டும் விளக்காகப் பார்க்கிறது. அந்தக் காலத்து விளக்கு நம் அகல் விளக்கு மாதிரிதான். கையில் பிடித்து நடந்தால் அடுத்த அடி தெரியும், தெருக்கோடி தெரியாது. எந்த வரனை முடிப்பது, எந்த மனையை வாங்குவது என்று கண்ணை மூடிக்கொண்டு பக்கத்தைத் திறந்து விரல் வைக்கிறவர்கள், விளக்கிடம் டார்ச் லைட் வேலையை எதிர்பார்க்கிறார்கள். பெரோயா பட்டணத்து மக்களை அப்போஸ்தலர் நடபடிகள் பாராட்டுவது வேறு காரணத்துக்காக. பவுலே வந்து பிரசங்கித்தாலும், சொன்னது சரிதானா என்று அவர்கள் தினமும் வேதத்தைப் புரட்டிப் பார்த்தார்கள்.

அப்படிப் புரட்டிப் பார்க்கும் வசதி தமிழருக்குச் சும்மா வரவில்லை. 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு, 1714-லும் 1715-லும் அங்கேயே அச்சானது. ஜெர்மனியிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் பெரிதாக இருந்து காகிதத்தை விழுங்கியதால், சின்ன எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். பழைய ஏற்பாட்டில் ரூத் வரை வந்தவர், 1719-ல் 36 வயதில் இறந்துபோனார். மீதியை அடுத்து வந்த சூல்ட்சே முடித்தார். இன்று அது முழுவதும் உங்கள் கைப்பேசிக்குள், சத்தமாக வாசித்துக் காட்டும் வசதியோடு இருக்கிறது.

தினம் மூன்று அதிகாரம், ஞாயிறு ஐந்து என்று வாசித்தால் வருடத்துக்குள் 1,189 அதிகாரங்களையும் முடித்துவிடலாம் என்று பெரியவர்கள் கணக்குச் சொல்வார்கள். கணக்கு சரிதான். ஆனால் ஜனவரியில் ஆதியாகமத்தில் உற்சாகமாகத் தொடங்குகிற பலர் லேவியராகமத்தில் உட்கார்ந்துவிடுகிறார்கள். அவர்களுக்கு என் யோசனை: சின்னதாக ஒன்றை எடுத்து ஒரே மூச்சில் முழுசாக வாசியுங்கள். ரூத் நான்கே அதிகாரம், மாமியார் மருமகள் கதை. மாற்கு 16 அதிகாரம், ஒரு சாயங்காலத்தில் முடியும்.

பஸ் வருவதற்குள் முடிய வேண்டுமென்றால் பிலேமோன். மொத்தமே 25 வசனம். சிறையிலிருந்து பவுல், வசதியான நண்பர் ஒருவருக்கு எழுதுகிறார். அந்த நண்பரின் அடிமை ஒநேசிமு இப்போது பவுலோடு இருக்கிறான். அவனை அனுப்பி வைக்கிறேன், இனி அடிமையாக அல்ல, சகோதரனாக ஏற்றுக்கொள், அவன் உனக்குக் கடன்பட்டிருந்தால் என் கணக்கில் எழுதிக்கொள் என்கிறார். அமெரிக்காவில் அடிமைகளை வைத்திருந்தவர்களும் இந்தக் கடிதத்தைக் காட்டினார்கள், அடிமைமுறையை எதிர்த்தவர்களும் இதையே காட்டினார்கள். முழுசாக வாசித்துவிட்டு யார் பக்கம் நியாயம் என்று நீங்களே சொல்லுங்கள். ஒநேசிமு அந்த வீட்டுக் கதவைத் தட்டியபோது பிலேமோன் என்ன செய்தார் என்பது மட்டும் அந்தக் கடிதத்தில் இல்லை.