ஓசையின்றி உயரும் அழுத்தம்

போடிநாயக்கனூரில் பொழுது புலருமுன்னரே ஜீப்புகள் புறப்பட்டுவிடும். கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, போடிமெட்டைத் தாண்டி, இடுக்கி மாவட்டத்தின் ஏலத் தோட்டங்களை அவை அடையும். அவற்றில் செல்வோர் நாள்முழுதும் மலைச்சரிவில் குனிந்து காய் எடுப்பவர்கள். “உழைக்கிற உடம்புக்கு நோய் ஏது?” என்பது அவர்தம் நம்பிக்கை. உடலுழைப்பு குருதி அழுத்தத்தைக் குறைக்க உதவும் என்பது உண்மையே. ஆயினும் மரபும் முதுமையும் உப்பும் உழைப்பவரை விட்டுவைப்பதில்லை. தூக்குவாளிச் சோற்றுக்குத் துணையாகும் ஊறுகாயிலும் கருவாட்டிலும் உப்பு மிகுதி. ஒரு நாளைக்கு ஐந்து கிராமுக்குள் போதும் என்கிறது உலக நலவாழ்வு நிறுவனம்.

இதயம் சுருங்கிக் குருதியைத் தள்ளும்போது தமனிச் சுவரில் உண்டாவது மேல் அழுத்தம்; இதயம் தளரும்போது எஞ்சியிருப்பது கீழ் அழுத்தம். வெவ்வேறு நாள்களில் அளந்தும் மேல் அளவு 140 மி.மீ. பாதரசத்தையோ கீழ் அளவு 90ஐயோ எட்டினால் அது உயர் குருதி அழுத்தம். பெரும்பாலோர்க்கு அது தலைவலியாகக்கூட வெளிப்படுவதில்லை. மூளை, இதயம், சிறுநீரகம், கண் ஆகியவற்றின் குருதிக் குழாய்களை அது மெல்லச் சிதைக்கும். சிலர் அதனை முதன்முதலாக அறிவது பக்கவாதத்தில் விழுந்தபோதுதான். ஆகவே, அளந்து பார்த்தலன்றி அறிய வேறு வழியில்லை.

1896இல் இத்தாலிய மருத்துவர் ரிவா-ரோச்சி காற்றடைத்த கைப்பட்டையை உருவாக்கினார். 1905இல் ருசிய மருத்துவர் கொரோட்கோவ் அதனோடு ஸ்டெதாஸ்கோப்பை இணைத்தார். கருவி எளியது, பிழை நேர்வது அளக்கும் முறையில். ஜீப்பிலிருந்து இறங்கிய கையோடு அளந்தால் எண் மெய் சொல்லாது. தேநீரும் புகையும் தவிர்த்து அரைமணி கழிந்திருக்க வேண்டும். முதுகு சாய்த்து, பாதம் தரையில் பதித்து, ஐந்து நிமிடம் அமர்ந்தபின், கையை இதய மட்டத்தில் தாங்கலாக வைத்துப் பேசாமல் அளக்க வேண்டும்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்கீழ், மகளிர் நலத் தன்னார்வலர்கள் வீடுதேடி வந்து அழுத்தத்தை அளக்கின்றனர், மாத்திரையும் தருகின்றனர். பகலில் பூட்டிக் கிடக்கும் தொழிலாளர் வீடுகளுக்கு மாலை வருகையே பயன்தரும்.

மாத்திரை கிடைத்தபின்னும் ஓர் இடர் உண்டு. அளவு சரியானதும் நோய் நீங்கியதெனக் கருதிப் பலர் நிறுத்திவிடுகின்றனர். அளவு சரியானதே மாத்திரையால்தான். நிறுத்தினால் அழுத்தம் மீண்டும் ஏறும். குறைப்பதோ மாற்றுவதோ மருத்துவரின் பணி. தோட்டத்திலேயே வாரக்கணக்கில் தங்கிப் பணிபுரிவோர் அரிசி பருப்போடு அத்தனை நாளைக்குமான மாத்திரையையும் மூட்டையில் வைத்துக் கட்டிக்கொள்ள வேண்டும்.